மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை

பூதலூர்
16.12.2024

அன்பு மகள் ஷோபனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஆக்லாந்தில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்பது அவள் தினமும் உன்னோடு போனில் சிரிக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. போன வாரம் அடித்த மழையில் வாய்க்கால் ஓரத்து வயலில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நின்றது, வடித்துவிட்டேன், சம்பா தொண்டைக் கதிரில் நிற்கிறது, இனிமேல்தான் கதிர் வெளியே தள்ளும், பயமில்லை. எட்டு மாதமாக உன்னோடு பேசாத மனுஷன் இப்போது என்ன எழுதப்போகிறான் என்று பதறாதே, முழுக்கப் படி. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் அம்மா நடுவில் போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் காகிதம். கூரியர் வந்து சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நேற்று தஞ்சாவூர் போனேன். ரெஜின் வீட்டார் போகிற அந்த வெள்ளைக்காரன் காலத்துச் சி.எஸ்.ஐ. கோயிலுக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அங்கே ஓலை வாசிப்பார்களாமே, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் யாரும் சொல்லலாம் என்று ஊரறியக் கேட்பார்களாமே, நேற்று மூன்றாவது, கடைசி. உன் அம்மா வாய்தவறி உளறிவிட்டாள். மறைப்பானேன், தடை சொல்லுகிற எண்ணத்தோடுதான் ரயில் ஏறினேன். நீ ரெஜினை விரும்பியதற்கோ ஞானஸ்நானம் வாங்கியதற்கோ நான் சண்டைக்கு வரவில்லை, சாமி அவரவர் இஷ்டம். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத் தகவல் சொன்னாயே, அப்பா உங்களுக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கன்றுக்குட்டி வாங்கினால்கூட ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாங்குகிற வீடு இது. எட்டு மாதமாக அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

கோயில் நல்ல கோயில், குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு சுவரும் முழங்கை நீளத்துக்குத் தடிமன், உள்ளே நுழைந்ததும் வெயில் மறந்துபோகிறது. தரையில் பெரிய பெரிய கல், மேலே இங்கிலீஷ் எழுத்து, நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போய் நின்றால், கீழே ஒரு துரையைப் புதைத்திருக்கிறார்களாம், பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னதும் துள்ளி விலகினேன், அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு, பிரசங்கம், எல்லாம் நிதானமாக நடந்தது. பிறகு ஆயர் ஒரு தாளை எடுத்தார். ரெஜின் பெயர் வந்தது, அடுத்து, பூதலூர் திருவாளர் வைத்தியலிங்கம், திருமதி தங்கமணி தம்பதியின் குமாரத்தி ஷோபனா என்று கணீரென்று வாசித்தார். என் பெயரைச் சேர்த்திருக்க மாட்டாய் என்றே நினைத்திருந்தேனம்மா. எத்தனை வருஷம் ஜமாபந்தியில் மனுவோடு காத்துக் கிடந்தவன் நான், தாசில்தார் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்காவிட்டால் மனு போச்சு, அந்தப் பழக்கம், கால் தானாக எழுந்துகொண்டது. நான் நிற்கும்போதே அவர், தடை ஏதும் தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று வாசித்து முடித்து நிமிர்ந்தார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன் பெஞ்சில் ரெஜினின் அப்பா என்னைப் பார்த்துவிட்டு, பாவம், பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து அம்மாள், எந்திரிச்சா தடைன்னு அர்த்தம், உக்காருங்க அண்ணே என்று சட்டையை இழுத்தார். ஆயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொல்லுங்கய்யா என்றார்.

சொல்ல வந்தது நாக்கு நுனியில்தான் இருந்தது, என்னை யாரும் கேட்கவில்லை என்று. அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார், அப்புறம் நான் எந்த வாயால் அதைச் சொல்வது? நான்தாங்க பொண்ணோட அப்பா, தடை ஒண்ணும் இல்லீங்க, நல்லபடியா நடத்துங்க என்று சொன்னேன். நெல் கொள்முதலில் மூட்டைக்குப் பேசுகிற அதே குரல். ரெஜினின் அப்பா வெளியே ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சம்பந்தி, எனக்கு உசிரே போயிருச்சு என்றார். போனது வந்துவிட்டதல்லவா, டீ சாப்பிடலாம் வாங்க என்றேன்.

தை கடைசிக்குள் அறுப்பு முடிந்துவிடும், கல்யாண வேலைக்கு நான் முழு ஆள். ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு, நடுவில் பத்து மணி நேரம் காத்துக் கிடக்கிற டிக்கெட்டாகப் போடாதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் நூறு வருஷம் வாழ்வீர்கள், இது அப்பா வாக்கு.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. டீ குடித்த பிறகு ஆயர் உன் கல்யாண விண்ணப்பத்தைக் காட்டினார். பெண்ணைக் கைப்பிடித்து ஒப்புக்கொடுப்பவர் என்ற இடம் மட்டும் காலி. உன் மாமா பெயரைப் போட்டுக்கொள்ளலாமே என்று அவர் சொன்னதற்கு, கடைசி நாள் வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் ஐயா என்றாயாம். அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமில்லை. பேனாவை வாங்கி என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆசிகளுடன்,
அப்பா
கோ. வைத்தியலிங்கம்