சார்ஜென்ட் கெல்லர் உறங்கும் மலை

அனுப்புநர்:
செ. வெள்ளியங்கிரி,
பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
போர்க்கால விமானவீரர் பதிவுப் பிரிவு,
வாஷிங்டன்.

பொருள்: சார்ஜென்ட் ராபர்ட் கெல்லர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைப் பதிவில் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1944 செப்டம்பரில் ஆறு பேருடன் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, வால்பாறைக்கு அருகே நீரோடை எஸ்டேட்டின் மேல்மலையில் மழைமூட்டத்தில் மோதி விழுந்தது. தேடி வந்த ராணுவத்தினர் ஐவரின் உடல்களை எடுத்துச் சென்றனர். அவர்கள் போன பத்தொன்பதாம் நாள், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஓடைச் சரிவில் ஆறாமவரான சார்ஜென்ட் கெல்லரின் உடலைக் கண்டனர். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் தந்தை சென்னியப்பன் அவரை அங்கேயே அடக்கம் செய்தார். கிறித்தவ முறை அவருக்குத் தெரியாது. ஞானசவுந்தரி என்ற தொழிலாளி ஜெபம் சொன்னார். என் தந்தை சூடம் ஏற்றினார். முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. அப்போதே தந்தை தங்கள் ராணுவத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். போர்க்காலம், பதில் வரவில்லை; அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தங்கள் பதிவில் சார்ஜென்ட் கெல்லர் ‘கடலில் காணாமல் போனவர்’ என்றிருக்கிறது. எஸ்டேட் மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் உள்ளது. கடல் அங்கே வருவதென்றால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் என் தந்தை அதைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதியிருப்பார்.

3. சென்ற ஆண்டு முதல் நான் எழுதிய கடிதங்களுக்குத் தங்கள் அலுவலகம் மூன்று பதில்கள் அனுப்பியுள்ளது. முதலாவது, இறந்தவருக்கு நான் என்ன உறவு என்று குறிக்கும்படி ஒரு படிவம். அதை நிரப்ப உட்கார்ந்த என் மகள் கயல், “அப்பா, குழி தோண்டினவரோட பையன்னு இதுல பாக்ஸே இல்லப்பா” என்றாள். இரண்டாவது, கோப்பு மூடப்பட்டது என்ற தகவல். மூன்றாவது, என் மகனின் மறைவுக்கு அனுதாபம். எனக்கு வயது நாற்பத்தேழு. சார்ஜென்ட் இருந்திருந்தால் எழுபத்தேழு. ஆயினும் அனுதாபத்துக்கு நன்றி.

4. தந்தை இறந்தபின் அவர் பெட்டியில் சார்ஜென்ட்டின் அடையாளத் தகடு கிடைத்தது. அதில் ட்ரென்டன் நகர விலாசம் பொறித்திருந்தது. என் வீட்டிலிருந்து அரைமணி நேர டிரைவ். நானும் என் மனைவி சாந்தியும் போனோம். அதே வீட்டில் அவருடைய அக்கா மிஸ் எட்னா கெல்லர், ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எழுபத்தொன்பது, கதவைத் திறந்தார். தகட்டை உள்ளங்கையில் வைத்து, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, அங்கே நிழல் உண்டா என்று மட்டும் கேட்டார். ஊரிலுள்ள என் தம்பியை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பலாமரம் இருக்கிறதாம். பழக்காலத்தில் யானைகள் வருமாம். யானை விஷயத்தை மிஸ் கெல்லர் இதுவரை நான்கு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

5. எஸ்டேட் கைமாறிவிட்டது. புதிய உரிமையாளர் ஜூன் மாதம் அந்தச் சரிவை வெட்டிப் பாதை போடுகிறார். அதற்குமுன் தங்கள் அலுவலர் ஒருவர் நேரில் வந்து, தோண்டிப் பார்த்து, உறுதிசெய்து, பதிவைத் திருத்தி, பெயர் பொறித்த ஒரு கல்லுக்கு ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மிஸ் கெல்லரின் சம்மதக் கடிதமும் தகட்டின் புகைப்படமும் இத்துடன் உள்ளன. ஆங்கில வடிவம் கயல் எழுதியது. உருக்கமான இடங்களை அவள் நீக்கிவிட்டதால் தமிழ் மூலத்தையும் இணைத்திருக்கிறேன்.

6. தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் மே மாதம் மிஸ் கெல்லர் எங்களுடன் புறப்படுகிறார். இதுதான் அவருக்கு முதல் விமானப் பயணம். விசா விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதச் சொன்னேன். அவர் ‘தம்பியைப் பார்க்க’ என்று எழுதினார். விசா வந்துவிட்டது.

இடம்: பிஸ்கட்டவே
நாள்: 9 மார்ச் 1998

தங்கள் கையொப்பம் ஒன்றை வேண்டி நிற்கும்,
(ஒப்பம்)
செ. வெள்ளியங்கிரி