பல் செட்டுக்கு வந்த தடை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதறேன். எனக்கு முட்டிவலியும் உங்கப்பாவுக்கு என்னைப் பத்தின கவலையும் தவிர இங்கே வேற நோய்நொடி இல்ல, நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாம இருந்தா அதுவே எனக்குப் போதும்.

அப்பா பல் செட்டுக்கு அனுப்பின பணம் வந்துச்சான்னு மூணு தரம் கேட்டுட்டே, வந்துச்சு கண்ணு, ஆனா வங்கியை விட்டு வெளியே வரமாட்டேங்குது. பிரசவ வார்டை மூடக் கூடாதுன்னு ஆயாக்கள் நாங்க பதினாலு பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்து நாற்பது நாள் ஆகுது. மிரட்டிப் பார்த்தாங்க, நாங்க எழுந்திருக்கல. உடனே எங்களுக்குப் பணம் தர்றவங்க கணக்கையெல்லாம் முடக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்துடுச்சு. முதல்ல சங்கத்துக் கணக்கு போச்சு, அப்புறம் வாடகை வேண்டாம்னு சொன்ன பாவத்துக்குப் பந்தல்காரர் கணக்கு, மூணாவது நம்மளுது. பணம் அனுப்பறப்ப எதுக்குன்னு காரணம் கேட்ட இடத்துல நீ, அம்மா போராட்டத்துக்கு ஜே, அப்பா பல்லுக்கு இதுன்னு விளையாட்டா எழுதியிருக்கியே. வங்கியில இருக்கற கம்ப்யூட்டருக்குப் பல்லு கண்ணுல படல, போராட்டம்தான் பட்டுச்சு.

உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கோர்ட்டுல முப்பது வருஷம் ஊரார் சண்டையை டைப் அடிச்சாரே தவிர தான் ஒரு சண்டை போட்டதில்ல. நான் வாசல்ல உட்கார்ந்த நாளா முகம் கொடுத்துப் பேசல, மாத்திரையை மட்டும் கொண்டுவந்து வேற பக்கம் பார்த்துக்கிட்டே நீட்டுவார். அவரை விசாரணை ஆபீசுக்குக் கூப்பிட்டுட்டாங்க. பல்லுங்கறது ஏதாவது ரகசியப் பேரான்னு அதிகாரி கேட்டிருக்கார். இவர் வாயைத் திறந்து காட்டியிருக்கார். அவரும் எட்டிப் பார்த்துட்டு, இல்லைங்கறதுக்கு ஆதாரம் இருக்கு, வாங்கப் போறதுக்கு ஆதாரம் வேணுமேன்னாராம். பல் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கப் போனா, எழுதிக் கொடுத்த மனுஷன் தன் கணக்கையும் முடக்கிடுவாங்களோன்னு பயந்து தெருமுனை வரைக்கும் ஓடிவந்து திரும்ப வாங்கிட்டுப் போயிட்டார்.

கடைசியில அதிகாரியே இரக்கப்பட்டு ஒரு பாரத்தை நீட்டியிருக்கார். போராட்டத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு அதுல ஒரு கட்டம். எந்த உறவும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நாளைக்கே பணத்தை எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கார். நானா இருந்தாக்கூடப் போட்டிருப்பேனோ என்னவோ. உங்கப்பா பேனாவை வாங்கி, "கணவன்"னு எழுதிக் கொடுத்துட்டார். அதிகாரி ரெண்டு தரம் படிச்சுட்டு, ஐயா, நான் போராட்டத்தைப் பத்திக் கேட்டேன்னாராம். "நானும் அதைத்தான் சொல்றேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாச்சு"ன்னு சொல்லிட்டு இவர் எழுந்து வந்துட்டார்.

வீட்டுக்குப் போகாம நேரா பந்தலுக்கு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தார். இதையெல்லாம் அவர் பொக்கை வாயால சொல்லச் சொல்ல பதினாலு பேரும் சிரிச்சோம், எனக்கு மட்டும் நடுவுல கண்ணு கலங்கிடுச்சு, பந்தல் அடுப்புப் புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன். பணம் இன்னும் வரல, உங்கப்பா சோத்தைக் கரைச்சுத்தான் குடிக்கறார். ஆனா காய்கறிக்காரம்மா தினம் ஒரு கூடை இறக்கிட்டுப் போறா, கூடையை முடக்க இன்னும் உத்தரவு வரல. வார்டையும் இன்னும் மூடல, நேத்துக்கூட அங்கே ரெட்டைக் குழந்தை பிறந்துச்சு.

நீங்க ரெண்டு பேரும் நூறு வருஷம் சண்டை போட்டுக்கிட்டு சௌக்கியமா இருங்க. வேளைக்குச் சாப்பிடு. இப்போதைக்குப் பணம் அனுப்பாதே, கடுதாசி அனுப்பு, அதுக்கு இன்னும் யாரும் காரணம் கேட்கல.

இப்படிக்கு,
உன் அம்மா
(கூடவே உட்கார்ந்திருக்கும் அப்பாவும்)