நன்னாகன் குதிரையின் மணியை அவிழ்க்கும்படி எழுதியது

நலம் பெருகுக. மூன்று மலைகள் தாங்க, இரண்டு ஆறுகள் ஊட்ட, விளைவு குன்றாத கூவிளநாட்டை அறம் பிசகாமல் ஆளும் பெருமாட்டி வெண்கோதையார் திருவாய் மொழிந்தருள, நெடுமதில் நகரத்து ஓலைநாயகம் தாயன் எழுதியது. மேற்கெல்லை இடுக்குவாயில் கோட்டையில் வழிக்காவல் பூண்டு, பனியிலும் பாறைச் சரிவிலும் வணிகர் மூட்டை ஒன்றையும் தவற விடாத பரிக்கூட்டத்தின் தலைவர் பெருங்கோடனார் காண்க. உமது கோட்டைக் கிணறு வற்றாதிருக்க. உமது குதிரைகளின் குளம்பு நோகாதிருக்க. உமது வரிசையில் ஏறியவர் யாவரும் இறங்குமிடம் சேர்க.

இவ்வோலையை நீர் தனியே படிக்க வேண்டாம். கூட்டம் முழுவதையும் முற்றத்தில் நிறுத்தி உரக்கப் படிக்க. நன்னாகனும் கேட்கட்டும். கேட்கையில் அவன் தரையைப் பார்த்து நிற்பான், நிற்கட்டும். ஆறுதல் சொல்வதாக எண்ணி ஒருவரும் அவன் தோளில் கை வைக்கலாகாது. தேவியாரின் முதல் கட்டளை இது. காரணம் போகப் போக விளங்கும்.

சென்ற மாதம் மணற்கழி ஊரிலிருந்து சேந்தி என்னும் பெண் அரண்மனைக்கு நடந்தே வந்து முறையிட்டாள். நன்னாகனின் மனைவி என்று அவளை நீர் அறிவீர். அவள் கைச் சோற்றை உண்டும் இருக்கிறீர். அவள் சொன்னதை மெருகேற்றாமல் எழுது என்று தேவியார் பணித்தபடியால், எழுத்தாணி கூசினாலும் அப்படியே எழுதப்படுகிறது.

“தாயே, நான் ஒருத்தருக்குத்தான் வாக்கப்பட்டேன். அவரு வீட்டுக்கு வாறப்பல்லாம் இருபது பேரு வாறாங்க. நல்லவங்கதான், பொய் சொல்லக் கூடாது. தண்ணி எறைச்சுக் குடுக்காங்க, விறகு பொளந்து போடுதாங்க. ஆனா என் புருசன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா இருபது தலையும் ஆடுது. போன தடவை பொறுக்க மாட்டாமச் சொல்லிட்டேன், தனியா வர முடிஞ்சா வாரும், இல்லன்னா இனிமே வரவே வராதீரும்னு. அதுக்கும் இருபது பேரும் தலையாட்டிட்டுப் போனாங்க.”

அவையில் சிரிக்காதவர் இருவர். ஒருத்தி சேந்தி, மற்றவர் தேவியார்.

இவ்வோலையின் படி ஒன்று அரண்மனையில் காக்கப்படும்; அதைப் பின்னாளில் படிப்பவருக்கு உமது வழக்கம் தெரியாதாகையால் இங்கே சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. முன்னொரு காலத்தில் இடுக்குவாயில் கூட்டத்தில் புதிதாய்ச் சேர்ந்தவன் ஒருவன் வரிசையின் கடைசியில் வந்து, பனிமூட்டத்தில் பள்ளத்தில் விழுந்தான். தங்குமிடம் போய்த் தலை எண்ணும் வரை ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றுமுதல் புதியவனுக்கு இடம் வரிசையின் நடுவே. பனியில் அவன் இருப்பது காதில் விழ, அவன் குதிரையின் கழுத்தில் வெண்கல மணி. அவன் வேகமே எல்லோருக்கும் வேகம். குதிரையேறி எங்கே போனாலும் கூட்டம் முழுவதும் உடன் போகும். அடுத்த புதியவன் வந்து, தன் குதிரையோடு ஒரே கலத்தில் வேகவைத்த கொள்ளு உண்டு, அந்த மணியை வாங்கிக்கொள்ளும் நாள்வரை இது மாறாது.

நல்ல வழக்கம். பருவத்துக்கு இருவர் மூவர் என்று ஆட்கள் சேர்ந்த நாளில் மணி ஒரு கழுத்தில் நிலைத்ததே இல்லை. ஆற்றோர வழி திறந்து வணிகர் அப்பக்கம் போனபின் இடுக்குவாயிலுக்குப் புதிதாய் வருவார் இல்லாமற் போயினர். கடைசியாக வந்தவன் நன்னாகன். வந்து பத்தாண்டு கடந்துவிட்டது. அவன் ஏறிவந்த குதிரை கிழடாகிச் செத்து, மணி அடுத்த குதிரைக்கும் ஏறிவிட்டது. இன்றும் அவன் புதியவன்.

தேவியார் அவனை அழைத்தார். ஒருவனை அழைத்தால் இருபது பேர் வந்தீர்கள். நெடுமதில் வீதியில் குழந்தைகள் வேடிக்கை பார்க்க, நடுவில் மணி குலுங்க வந்தீர்கள். அவைக்குள்ளும் அவனைச் சூழ்ந்தே நின்றீர்கள். தேவியார் அவனை நோக்கி, உனக்குக் குறை ஏதும் உண்டோ, அஞ்சாமல் சொல் என்றார். நன்னாகன் இடமும் வலமும் பார்த்தான். நீர் அவனைப் பார்த்துச் சிரித்தீர். அச்சிரிப்பில் வஞ்சகம் துளியும் இல்லை. குறை ஒன்றும் இல்லை தாயே என்றான். தூண் அருகே நின்ற சேந்தி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, அவைக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் வெளியேறினாள். அவள் போவதை அவன் பார்த்தான். ஒரு காலை முன்வைத்தான். கூட்டம் முழுவதும் அவனோடு ஒரு காலை முன்வைத்தது. அவன் நின்றுவிட்டான்.

அவனைத் தனியே பிடிக்கும் இடம் அரண்மனையில் ஒன்றுதான் இருந்தது. விருந்தினர்க்கு எண்ணெய்க் குளியல் தரும் அறையில் இருவருக்கு மேல் நுழைய இயலாது. உம்மவர் நால்வர் வாசலில் காவல் நிற்க, ஒரு கோவணமும் ஒரு கிண்ணம் எண்ணெயுமாக ஓலைநாயகம் தாயன் உள்ளே போனார். நாற்பதாண்டு அமைச்சுப் பணியில் இப்படி ஒரு விசாரணை அவருக்கு வாய்த்ததில்லை. கதவு சாத்தியதும் நன்னாகன் பேசத் தொடங்கினான். வெந்நீர் ஆறிப்போகும் வரை பேசினான்.

சேர்ந்த நாளை அவன் மறக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாதவன். எங்கே போனாலும் யாரும் காத்திருந்ததில்லை. முதல் சவாரியில் அவனது சேணவார் தளர்ந்தது. அதற்காக வரிசை முழுவதும் மலைச்சரிவில் நின்றது. நீரே இறங்கிவந்து வாரை இறுக்கிக் கொடுத்தீர். எனக்காக இருபது பேர் நிற்கிறார்களே என்று அவன் அன்று அழுதான். இரண்டாம் ஆண்டிலும் அது இனித்தது. நாலாம் ஆண்டில் அவன் ஒருமுறை தும்மியதற்கு வரிசையை நிறுத்திச் சுக்கு காய்ச்சினீர்கள். கழுதைப்பாறை வளைவில் ஒரு கல் கிடக்கிறது. முன்னே போகிறவர் கை நீட்டிக் காட்ட, அடுத்தவர் காட்ட, அதே கல்லைப் பத்தாண்டாக அவனுக்குக் காட்டுகிறீர்கள். அந்தக் கல்லை அவன் குதிரை கண்ணை மூடிக்கொண்டு தாண்டும். உமது கூட்டத்தில் அவனளவு குதிரையேறத் தெரிந்தவர் இன்று ஒருவரும் இல்லை என்பதை நீர் அறிவீரோ அறியீரோ, ஒருநாளேனும் தன் குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விட்டுப் பார்க்க அவனுக்கு வாய்க்கவில்லை.

தப்பி ஓடுவதுதானே என்று ஓலைநாயகம் கேட்டார். “அடிச்சா ஓடலாம் ஐயா. அன்பா இருக்கிறவங்ககிட்டயிருந்து எப்படி ஓடுறது?” என்றவன், ஒருமுறை ஓடியதையும் சொன்னான்.

இது இன்றுவரை உமக்குத் தெரியாது. மூன்றாண்டுக்கு முன், பனி அடர்ந்த ஒரு காலையில், அவன் மணிக்குள் புல்லைத் திணித்து, மணற்கழிக்குப் பிரியும் தடத்தில் குதிரையைத் திருப்பினான். மணியோசை நின்றதை வரிசை உணர்ந்தபோது அவன் மேட்டுப் பாறைக்குப் பின்னே இருந்தான். அப்படியே போயிருக்கலாம். கீழே உமது குரல் கேட்டதால் எட்டிப் பார்த்தான். உம்மவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நீர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அந்த வயதில், பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தீர். “நன்னாகா, பயப்படாதடா, வந்துட்டேன்” என்று கூவிக்கொண்டே இறங்கினீர். அவன் புல்லைப் பிடுங்கி எறிந்தான். மணியைத் தன் கையாலேயே பிடித்து ஆட்டினான். வழி தவறிவிட்டான் என்று நீங்கள் எண்ணிக்கொண்டீர்கள். அன்றுமுதல் அவனுக்கு இருபுறமும் மேலும் இருவரை வரச் செய்தீர்.

இதைச் சொல்லி முடித்து, சேந்தி இனி என்னைப் பார்க்கமாட்டாள் ஐயா என்றான். முகத்தில் வழிந்தது எண்ணெயா கண்ணீரா என்று ஓலைநாயகம் ஆராயவில்லை. பிறகு கதவைத் திறந்து வெளியே போனான். உம்மவர் துண்டை விரித்து அவன் தலையைத் துவட்டினார்கள்.

கேட்டதெல்லாம் தேவியாரிடம் சொல்லப்பட்டது. மணியை அவிழ்க்க ஓர் ஆணை போதுமே என்று அவையோர் சொன்னார்கள். ஆனால் சவாரி வரிசைக்குள் அரசாணை செல்லாது என்று தேவியாரின் பாட்டனார் உமது பாட்டனார்க்குச் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்; பாட்டன் கொடுத்த வாக்கைப் பேத்தி மீறமாட்டார். ஒரு வீரனை அனுப்பிப் புதியவனாகச் சேர்த்துவிடலாம் என்றார்கள். அதற்கும் வழியில்லை. எவரும் என்னை அனுப்பவில்லை, கூலிக்கும் வரவில்லை, என் மனத்தால் வந்தேன் என்று கொள்ளுக்கலத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தால்தான் உமது கூட்டம் ஏற்கும். மனமுவந்து போவார் உண்டோ என்று படைவீட்டில் கேட்கப்பட்டது. நன்னாகன் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். கேட்ட அன்றே படைவீட்டில் பாதிப்பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மீதிப்பேரின் மாமியார்கள் சாகக் கிடந்தார்கள். ஓலைநாயகத்தைச் சிலர் பார்த்தார்கள். அவர் குதிரையில் ஒருபுறம் ஏறினால் மறுபுறம் விழுகிறவர் என்பது நாடறிந்த செய்தி.

இதற்கிடையே நீங்கள் விடைபெற்றுப் புறப்பட்டீர்கள். மாடத்திலிருந்து தேவியார் பார்த்துக்கொண்டிருந்தார். மணியோசை நகர வாயிலைக் கடந்து தேய்ந்த பின், தாயனாரே, நானே போகிறேன் என்றார். என்னை எவரும் எங்கும் அனுப்ப முடியாது. ஆகையால் அந்தச் சத்தியத்தை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடியவள் இந்நாட்டில் நான் ஒருத்திதான் என்றார்.

ஓலைநாயகம் மறுத்தார், மறுத்ததையும் எழுதும்படி பணிக்கப்பட்டதால் எழுதுகிறார். மாதந்தோறும் மலைச் சவாரிக்குத் தவறாமல் போகவேண்டும், வரிசைக்குள் ஒரு பரிக்கூட்டத் தலைவன் சொல்லுக்கு நாடாள்பவர் கட்டுப்படவேண்டும், அடுத்தவர் வரும்வரை இது தீராது, அடுத்தவர் வரப்போவதும் இல்லை என்று அடித்துச் சொன்னார். தேவியார் சினக்கவில்லை. முடிசூடிய நாள்முதல் எனக்கு முன்னே நால்வர், பின்னே நால்வர். முரசு அறையாமல் நான் ஆற்றங்கரைக்குக்கூடப் போனதில்லை. நடுவிடம் எனக்குப் பழகிய இடம். அவனுக்கு வெளியே ஒரு வீடு இருக்கிறது, எனக்கு எது என்று கேட்டார். நாற்பதாண்டு அருகிருந்தும் இதைத் தாம் ஒருநாளும் எண்ணிப் பாராததற்கு ஓலைநாயகம் உள்ளபடியே வருந்தினார்.

ஆகவே நீர் செய்யவேண்டுவன. வருகிற முழுநிலா நாள் காலையில் கொள்ளு வேகட்டும். பொற்கலம் வேண்டாம், உமது பழைய கலமே போதும். தேவியார் தமது செம்பழுப்புக் குதிரையோடு வருவார். பந்தல், பரிவட்டம், கட்டியம் எதுவும் கூடாது. மற்றப் புதியவரை எப்படி வரவேற்பீரோ, ஒரு முழம் கூடாமல் ஒரு முழம் குறையாமல் அப்படியே வரவேற்பீராக. சத்தியம் முடிந்ததும் நன்னாகனின் குதிரையிலிருந்து மணியை உமது கையாலேயே அவிழ்க்க. வேறொருவர் அவிழ்த்தால் அவன் போகமாட்டான். சேந்திக்கு ஆள் அனுப்பவில்லை. அவளிடம் சொல்லவேண்டியவன் அவன்.

உமது அன்பில் தேவியார் குறை காணவில்லை. அது இல்லாதிருந்தால் இக்கூட்டமே இல்லை. அரசி என்னும் முறையில் அவர் உமக்கு இடும் கடைசி ஆணை இது. கொள்ளு உண்டபின் வரிசைக்குள் சொல் உம்முடையது. நில் என்றால் நிற்பார், நட என்றால் நடப்பார். இடுக்குவாயிலில் பனி இறங்கும் காலமெல்லாம் இவ்வாணை நிற்க. கூவிள இலை பொறித்த அரச முத்திரை இடப்பட்டது. ஓலைநாயகம் தாயன் கையெழுத்து.

முத்திரை இட்டபின் தேவியார் சொல்லச் சேர்த்தது: மணி அவிழ்ந்ததும் நன்னாகன் புறப்படுவான். வாயிலைக் கடந்தவுடன் பழக்கத்தால் குதிரையை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பான். ஒருவரும் கை உயர்த்தலாகாது, ஒருவரும் குதிரையேறலாகாது. உமக்கு அது ஆகாத காரியம் என்று தேவியார் அறிவார். ஆகையால் அந்நேரம் உமது குதிரையின் கடிவாளத்தைப் புதியவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் கண்ணுக்கு மறையும் மட்டும் விடமாட்டாள்.