கண்ணில் கோளாறு இல்லை

இல்லை அம்மா, நீ சொன்னதுதான் சரி. படம் பளிச்சென்று தெரியும் என்று நான் வாங்கிய புது ப்ளூ-ரே டிஸ்க்கிலும் பழைய டிவிடியிலும் படம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. அன்றைக்குச் சித்தி முன்னால், "உன் கண்ணுலதான் கோளாறு, போய் டாக்டர்கிட்ட காட்டு" என்று சிரித்தேனே, இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிளேயர் வந்த பெட்டியைப் பரணில் போடலாம் என்று காலையில் எடுத்தேன். அதற்குள் புது வயர் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. ஒரு கையில் நாவலை வைத்துக்கொண்டு, டிவிக்குப் பின்னால் தொங்கிய பழைய மஞ்சள் வயரையே செருகியிருக்கிறேன். அந்த வயர் இருந்தால் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் பழைய தெளிவுதான் வரும். இந்த லட்சணத்தில், "பாரு, ஒவ்வொரு இலையும் தனித்தனியா தெரியுது" என்று ஒரு மாதமாக உனக்குப் பாடம் எடுத்தேன். எனக்கும் தெரியவில்லை அம்மா. தெரிகிற மாதிரி இருந்தது.

இன்று கண் டாக்டரிடம் போகாதே. அதற்குத்தான் லீவு போட்டாய் என்று தெரியும். நன்றாகத் தூங்கு. உன்னை எழுப்பிச் சொல்ல மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், தைரியம் வரவில்லை. சோறு குக்கரில் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரி மேல்.

பி.கு: நான் சொன்னதை நம்பிச் சித்தியும் இதே பிளேயரை வாங்கப் போகிறாள். பஸ் ஏறியதும் நானே போன் செய்கிறேன். என்னை எவ்வளவு ஓட்டப்போகிறாளோ!

இன்னொன்று: புது வயரைச் செருகிவிட்டேன், போட்டுப் பார்க்கவில்லை. சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, வித்தியாசம் தெரிகிறதா என்று நீ சொல்வாயா?