நர்ஸம்மா பக்கத்தில் நிற்கக் கேட்ட கேள்விகள்

என் ஸ்டெல்லாக்கா,

நீ இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் நாம் சேர்ந்து தங்கிய அறையில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். ஒரே பேராசிரியரிடம்தான் இருவரும் ஆய்வுக்குச் சேர்ந்தோம். உன்னுடையது பாதியில் நின்றது. என் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கல்வராயன் மலைப் பெண்கள் பிரசவத்துக்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்பதுதானே என் கேள்வி? நான் தயாரித்த கேள்வித்தாளைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"எத்தினி பேருன்னு தெரியணும்னா கட்டம் போட்டு எடுத்துக்கினு போ. ஏன்னு தெரியணும்னா அவங்க கூட ஒக்காந்து பேசணும்டி."

எனக்கு அவசரம். அப்புறம் உனக்கே உடம்புக்கு முடியாமல் போனது, தடுக்க ஆளில்லை.

மலையில் வழி தெரியாததால் அங்கிருந்த ஒரு ஊரின் நர்ஸம்மாவையே துணைக்குக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, நர்ஸ் நன்றாகக் கவனிக்கிறாரா, அவசரத்துக்கு வண்டி வருகிறதா என்று கேட்டேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் டிக் அடித்துக்கொண்டே போனேன். பலாச்சுளை வேறு கொடுத்தார்கள், அக்கா.

பேராசிரியர் என் முடிவுகளை அதிகாரிகளுக்கும் அனுப்பியிருந்தார். மலைமேலேயே ஒரு ஆம்புலன்ஸ் நிறுத்தச் சொல்லி ஊர் ஜனங்கள் மனு கொடுத்தபோது, அதிகாரிகள் என் அட்டவணையைக் காட்டித் தேவையில்லை என்றுவிட்டார்கள். அந்த வாரமே, எனக்குப் பலாச்சுளை கொடுத்த பொன்னம்மாவின் மருமகளுக்கு வலி எடுத்திருக்கிறது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் குழந்தை போய்விட்டது.

கேள்விப்பட்டு ஓடினேன். பொன்னம்மா வாசலில்தான் இருந்தார்.

"நீ எழுதிக்கினு போனியேம்மா, அதத்தான் காட்றாங்க. நர்ஸம்மா பக்கத்துல நிக்கசொல்ல நாங்க இன்னான்னு சொல்றது?"

குரலில் கோபம்கூட இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். வேறு யாரும் என்னிடம் பேசவில்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். பட்டம் வரும் நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இரு என்கிறார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? திட்டவாவது செய்திருப்பாய்.

இனி அங்கே போய் உட்கார்ந்து பேசலாம் என்றால், யார் என்னோடு பேசுவார்கள்? அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன். ஒன்று மட்டும் செய்வேன். நான் விசாரித்த முறையே தவறு, அந்த அட்டவணையை நம்பாதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்களுடைய அடுத்த மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன். பட்டம் போய்விடும். வண்டியும் வராது என்றுதான் தோன்றுகிறது. வந்தாலும் அந்தக் குழந்தைக்கு இனி அது எதற்கு?

உன் பேச்சைக் கேட்காத தங்கை,
மலர்