லூபெக் பார்க்கப் போன சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அப்பா இன்னும் வெயிலில் சைக்கிள் ஓடுகிறாரா?

லூபெக் நகரம் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் மட்டும்தானே சொன்னேன்? ரயிலால் இறங்கினால், சிவமலர் அன்ரி குடும்பத்தோடு நிற்கிறார். உங்களோடு படித்தவராம். நீங்கள் போன் எடுத்துச் சொன்னீர்களாம்!

எவ்வளவு பழைய நகரம், அம்மா! செங்கல் கோபுரங்கள், ஆற்றங்கரையில் இப்போதுதான் மஞ்சளாகத் தொடங்கிய மரங்கள். எல்லாவற்றையும் கார்க் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தேன். "நகரம் எங்கை ஓடப்போகுது? முதல்லை சாப்பிடுங்கோ பிள்ளை" என்று நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

புரட்டாசிச் சனியாம். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பிறகு வடை, பிறகு பாயசம். எழும்பப் போனால், "விரதச் சாப்பாடு, அரைவயிறோடை எழும்பக் கூடாது. குழம்பு பிடிக்கேல்லையோ?" என்கிறார். ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. அவ்வளவு தூரம் போயும் பக்கத்திலேயே இருக்கிற பால்டிக் கடலைக் கண்ணாலும் காணவில்லை. உங்களுக்கு அனுப்பிய படம் அன்ரியின் சாப்பாட்டு மேசைதான்.

இனி நான் எங்கே போனாலும் ஒருவருக்கும் சொல்லாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

கறித்தூள் முடிகிறது, யாராவது இங்கே வந்தால் கொடுத்துவிடுங்கள். ஒரு ஆளுக்குச் சமைக்கப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. அன்ரி கட்டித் தந்த சோற்றைத்தான் செவ்வாய் வரை சாப்பிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த மாதம் ரொஸ்டொக் போக நினைக்கிறேன். அங்கே உங்களோடு படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

மகள்,
சாரங்கா