கழுத்து ரப்பர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை.

மிஷேல் சாமான் கட்டுகிறார். திங்கட்கிழமை பிரான்சுக்குப் பயணம். தண்ணீருக்குள் இறங்கப் போடுகிற ட்ரை சூட்டை ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று எடுத்தார். தலையை நுழைத்ததுமே கழுத்து ரப்பர் கிழிந்துவிட்டது. தொட்டால் பிசுபிசு. மோந்து பார்த்தார்.

"ரீட்டா, இதுல என்ன தடவின?"

தேங்காயெண்ணெய்தான். அவர் லீவுக்கு வந்து சூட்டை உள்ளறையில் மாட்டியதிலிருந்து, ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் தடவிக்கொண்டிருந்தேன். ரப்பர் காய்ந்துவிடக் கூடாதே என்று. அவர் கழுத்துக்குத் தடவுகிற நினைப்பில் தடவினேன், அதுவும் உண்மை. இந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாதாம். பவுடர்தானாம். யார் சொன்னார்கள் எனக்கு?

திட்டவில்லை. சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆக. 13, புதன்

வெயில். தோல் பைப் பட்டறையில் கை நிறைய வேலை. மனம் அதில் இல்லை.

அங்கே பிரான்சில், துறைமுகத்தில் கப்பல் அடியைச் சுரண்டுகிற வேலை இவருக்கு. எலும்பு விறைக்கிற தண்ணீர். நனையாமல் காப்பது இந்தச் சூட் ஒன்றுதான். கழுத்து விட்டால் தண்ணீர் உள்ளே. சூட் இல்லாமல் போய் நின்றால் வேலை வேறு ஆளுக்கு. புது ரப்பர் ஒன்று பெட்டியில் இருக்கிறது. ஒட்ட இங்கே ஆள் கிடையாது.

"நீதான் தினம் தோல் பை ஒட்டுறியே" என்றார்.

ஒட்டாவிட்டால் இங்கேயே இருந்துவிடுவார். எழுதிவிட்டேன். எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.

வாங்க: ஒட்டுகிற சொல்யூஷன், உப்புத்தாள், வாசனை இல்லாத பவுடர், தக்காளி.

வேலை முடியும் வரை தலைக்கு எண்ணெய் கிடையாது. கையில் ஒட்டும். பரட்டைத் தலையோடு எங்க கிளம்பிட்ட என்று அத்தை.

ஆக. 15, வெள்ளி

மாதா திருநாள். பட்டறை லீவு. பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன்.

பழைய ரப்பரை உரித்தாயிற்று. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். கழுத்து வட்டமாக நிற்க உள்ளே அத்தையின் சோற்றுக் குண்டான். அளவு கச்சிதம். இரண்டு பக்கமும் சொல்யூஷன், காயவிட்டு இன்னொரு பூச்சு. விரலில் ஒட்டாத பதம் வந்ததும் புது ரப்பரைப் பொருத்தி, பூரிக்கட்டையால் உருட்டினேன். பழகிய வேலை.

நாளை வரை குண்டான் கிடையாது. மாதா நாளில் சோறு இல்லையா என்று அத்தைக்குக் கோபம். இட்லி.

எண்ணெய்க் குப்பி ஜன்னலில். ஒரு சொட்டு, மடிப்புக்குள், போதும். நினைத்தேன். உடனே அது எங்கே கிழியும் என்பதும் ஞாபகம் வந்தது. தண்ணீருக்கு அடியில், இவர் தனியாக. குப்பியைக் கொண்டுபோய் அத்தை அறையில் வைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

ஆக. 16, சனி

சூட்டின் கைகளில் தண்ணீர் பாட்டில் செருகி, கழுத்தைக் குண்டானால் அடைத்துக் காற்றடித்தோம். சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், பஞ்சர் கடை மாதிரி. ஒரு குமிழி இல்லை. கட்டிலில் ஆள் உயரத்துக்கு உப்பிக் கிடந்தது.

அத்தை வாசலில் நின்று அந்த உப்பிய சூட்டைப் பார்த்தார். "இவனாவது வீட்லயே கெடப்பானா?"

இவர் காற்றை இறக்கத் தொடங்கினார்.

ஆக. 17, ஞாயிறு

கழுத்து அளவு பார்க்கிற வேலை. போட்டுப் பார்ப்பது, கழற்றுவது, ரப்பர் ஓரத்தில் ஒரு வளையம் வெட்டுவது, மறுபடி போடுவது. ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிசிறு இருந்தால் அங்கிருந்தே கிழியும். இறுக்கினால் மயக்கம் வரும், தளர்ந்தால் தண்ணீர் வரும். ரப்பருக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தேன். காதுக்குக் கீழே அந்த மச்சம். நாடி அடிப்பது விரலில் தெரிந்தது.

"போதுமா?" என்றார்.

போதும்தான். விரலை எடுக்கத்தான் மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவாராம்.

ஆக. 18, திங்கள்

போய்விட்டார். குண்டானில் சொல்யூஷன் கறை. தேய்க்கப் போனேன், இருக்கட்டும் விடு என்றார் அத்தை. வேலை முடிந்துவிட்டது, இருந்தும் இன்று தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. ஏனோ.

செப். 14, ஞாயிறு

இரண்டு நாளாக மழை. துணி காயவில்லை. தலை இன்னும் பரட்டைதான், அத்தை சொல்லி ஓய்ந்துவிட்டார்.

போன் வந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம். யார் ஒட்டியது என்று எல்லாரும் கேட்டார்களாம், என் பொண்டாட்டி என்று சொன்னாராம். மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி வேறு சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் சொன்னார். "சூட்டு நல்லா இருக்குல்ல, மார்ச்ல குளிர் முடியற வரைக்கும் இருக்கியான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன்."

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டார், அவ்வளவுதான்.

அத்தை அறையிலிருந்து குப்பியை எடுத்து வந்தேன். தலைக்கு நிறைய வைத்துக்கொண்டேன். கை முழுக்க எண்ணெய். இனி மார்ச் வரை எந்தக் கழுத்தையும் தொட வேண்டியதில்லை.